சகலையின் அமெரிக்க நாஷ்டா

என் சகலை எனக்கு ஒருநாளும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், நான் அவனுக்குச் செய்ததைக் கேட்பவர்கள் அவனும் ஏதோ செய்திருப்பான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட நாலு வயது சின்னவன். பஹ்ரைனில், அமெரிக்க ஊர்களில் இருப்பது போலவே கட்டி வைத்த ஒரு ஓட்டலில் அவனுக்கு வேலை. அந்த மாதிரிக் கடைக்கு டைனர் என்று பெயர். சிவப்பு ரெக்சின் போட்ட நீள சீட்டுகள், சுவரில் அந்தக் காலத்து நீளக் கார்களின் படங்கள், விடியற்காலையிலிருந்து மதியம் வரைக்கும் முட்டை, பான்கேக், உருளைக்கிழங்கு, பெரிய கப்பில் காப்பி. அங்கே வேலைக்கு வந்திருக்கும் அமெரிக்கர்கள் ஊர் ஞாபகம் வந்தால் அந்தக் கடைக்குத்தான் போவார்களாம். அவன் தட்டு கழுவப் போனான். மூன்றாம் வருடம் அடுப்புக்கு முன்னால் நின்றான்.

"தட்டு கழுவறப்போ தாண்ணே சமையலே கத்துகினேன்," என்பான். "எந்தத் தட்டுல இன்னா மிச்சம் வருதுன்னு பாப்பேன். உருளக்கெழங்குல நடுவுல மட்டும் துன்னுட்டு ஓரத்த வச்சிருந்தான்னா, ஓரம் தீஞ்சிருக்குதுன்னு அர்த்தம்."

அந்தப் பழக்கம் அவனை விடவேயில்லை. அவன் கல்யாணத்தன்று மதியம், பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக இருந்த மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினார்கள். நான்தான் கண்டுபிடித்தேன். மண்டபத்துக்குப் பின்னால், சாப்பிட்ட இலைகளைக் குவித்திருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"கத்திரிக்காய ஒர்த்தரும் தொடலண்ணே," என்றான் கவலையோடு. "ரெண்டாம் பந்திக்கு அத வேற மாதிரி பண்ணச் சொல்லலாமா?"

நான் சிரித்தேன். உள்ளே ஒரு சின்ன எரிச்சல் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். என் அப்பா காலத்திலேயே நாங்கள் பழவேற்காட்டு ஏரியை விட்டு அனுப்பம்பட்டுக்கு வந்துவிட்டோம். எனக்கு மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை. கல்யாணமானபின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவியோடு ஏரிக்கரையில் தோணிரேவில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விடுவேன். மாமனாருக்குச் சொந்தப் படகு உண்டு. ஞாயிறு காலையில் ஏரியிலிருந்து வரும்போது நல்ல மடவை மீனாக நாலு எடுத்து எனக்கென்று தனியாகக் கொண்டுவருவார். எனக்குப் பாயைப் போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பார்கள்; மீன் என் தட்டில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் தட்டில் விழும். ஐந்து வருடம் அந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளையாக இருந்தேன். என் சொந்த வீட்டில்கூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் முதல் லீவில் வந்தபோது அது போயிற்று.

அன்று காலை நாங்கள் போய் இறங்கியபோது சமையலறையிலிருந்து மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு அவன் நின்றிருந்தான். மைதாவும் முட்டையும் மோரும் கலந்து வைத்திருந்தான். தோசைக்கல்லில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. துருவிப் பிழிந்த உருளைக்கிழங்கை அடையாகத் தட்டி ஒரு பக்கம் போட்டிருந்தான். பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்த மேப்பிள் சிரப் பாட்டிலை மாமியார் மோந்து பார்த்துவிட்டு, "வெல்லப்பாகு தானேப்பா இது," என்றாள்.

பிறகு அவன் கரண்டியோடு வாசற்படிக்கு வந்து, "அத்த, முட்ட எப்டி வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்டான்.

"முட்ட முட்டயாத்தான் வேணும்," என்றாள் மாமியார். எல்லோரும் சிரித்தோம்.

அவன் சிரிக்கவில்லை. "இல்ல அத்த. நீங்க சொன்னாத்தான் போடுவேன். ஆஃப்பாயிலா, நல்லா வெந்துதா, கலக்கியா?"

அவள் சற்று நேரம் யோசித்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எனக்கு மஞ்சக்கரு புடிக்காது. வெள்ள மட்டும் போடு," என்றாள்.

மாமனார் திகைத்துப்போனார். "நாப்பது வருசமா துன்னுகினு தானே இருந்த?"

"நீ கேட்டியா?" என்றாள் மாமியார்.

அடுத்து என் மனைவியிடம் கேட்டான். அவள் ஏதாவது ஒன்று போடச் சொல்வாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அவள் எனக்கு ஆம்லெட் போட்டுவிட்டு அதையேதான் தனக்கும் போட்டுக்கொள்வாள். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"மஞ்சக்கரு ஒடையக் கூடாது தம்பி. ஆனா மேல ஒரு தோல் மாதிரி வெந்திருக்கணும். ஓரம் முறுவக் கூடாது. மொளகு வேணாம்."

"அதுக்கு ஒரு பேரே கீது அண்ணி," என்றான் அவன். "ஓவர் ஈஸி. எங்க கடைல பாதிப் பேரு அததான் கேப்பாங்க."

அவள் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். தன் ஆசைக்கு ஒரு பெயர் இருக்கிறது, எங்கோ முகம் தெரியாதவர்களும் அதையே கேட்கிறார்கள் என்பதில் அவள் முகம் அப்படி மலர்ந்தது. ஏழு வருடம் அவளோடு குடும்பம் நடத்தியவன் நான். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. என்னிடம் அவன் கேட்டபோது, "எதுவோ ஒண்ணு போடு," என்றேன்.

அவன் செய்தது நன்றாக இல்லாமலிருந்தால் என் நெஞ்சு ஆறியிருக்கும். நன்றாக இருந்தது. உருளைக்கிழங்கு அடை வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய்போலவும் இருந்தது. நான் முழுவதையும் சாப்பிட்டேன். பாதியை மிச்சம் வைக்க வேண்டும் என்றுதான் இருந்தேன், கை கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் வருவான். அந்த நாற்பத்தைந்து நாளும் அந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது. ரேவில் படகு கட்டும் இடத்தில் மாமனார் எல்லோரிடமும், "சின்ன மாப்ள அமெரிக்கா சமையல்," என்று சொல்லி வைத்திருந்தார். தோணிரேவில் அவனுக்குப் பெயரே அமெரிக்காக்காரர் என்றாகிவிட்டது. அப்படிக் கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் நின்று திருத்துவான். "அமெரிக்கா இல்ல பெரியப்பா, பஹ்ரைன். அமெரிக்காவ நான் பாத்ததே இல்ல."

பெருமையடித்துக்கொண்டிருந்தால் அவனை மட்டம்தட்ட ஒரு வழி இருந்திருக்கும். அதையும் அவன் எனக்கு வைக்கவில்லை.

அவனுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஒருநாள் படகில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னான். அவன் கடைக்கு வாரம் தவறாமல் ஒரு வயதான அமெரிக்கர் வருவாராம். ஊருக்குத் திரும்பிப் போகும் முன் கடைசியாக வந்து சாப்பிட்டுவிட்டு, அடுப்புக்கே வந்து இவன் தோளைத் தட்டி, "கிட்டத்தட்ட எங்க ஊர் ருசி," என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"நல்ல வார்த்த தானே சொல்லிருக்காரு?" என்றேன்.

"கிட்டத்தட்டன்னா எங்கியோ விட்டுப்போயிருக்குது இல்லண்ணே? எங்க விட்டுதுன்னு சொல்லாமப் போய்ட்டாரு. தட்டப் பாத்தேன், காலியா இருந்துச்சு. அப்ப எங்க விட்டுது?" நண்டு விரலைக் கவ்வியதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்படியே இருந்தபோது எனக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. எங்கள் தொழிற்சாலைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மெஷின் வாங்கினார்கள். அதைப் பழக மூன்று வாரம் அங்கே போக இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவன் நான். ஆர்டரைக் கையில் வாங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது விமானமும் இல்லை, பனியும் இல்லை. அவன் பார்க்காததை நான் பார்க்கப்போகிறேன் என்பதுதான்.

பஹ்ரைனிலிருந்து அன்றே அவன் போன் வந்தது. தானே போவதுபோல் சந்தோஷப்பட்டான். பிறகு ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. பான்கேக் எவ்வளவு தடிமன் என்று பார். வெண்ணெய் மேலே வைக்கிறானா, தனியாகத் தருகிறானா பார். உருளைக்கிழங்கை ஒரு பக்கம் முறுக விடுகிறானா, இரண்டு பக்கமுமா. கடைசிப் பதிவில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அண்ணே, இத யாருக்கும் சொல்லல. எனக்கு இங்க போதும்னு ஆயிடுச்சு. பொண்ணு பொறந்து எட்டு மாசம், இன்னும் தூக்கல. பழவேற்காட்டுக்கு ஞாயித்துக்கெழம காலைல பட்டணத்துலேர்ந்து அவ்ளோ கார் வருது. படகுல போறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு நாஷ்டாக் கடை. பஜார்ல எடம் பாத்துட்டேன். அமெரிக்கன் நாஷ்டான்னு போர்டு. ஆனா அசல துன்னவன் ஒர்த்தன் சரின்னு சொல்லணும். நீ துன்னுட்டு வந்து என்னுதயும் துன்னு பாத்து சொல்லு. நீ சரின்னா நான் திரும்பிப் போவல."

ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் எங்களைத் தங்கவைத்தார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டைனர். முதல் நாள் காலை குளிரில் பல் தந்தியடிக்க ஓடிப்போய் உட்கார்ந்தேன். அவன் போட்டோவில் காட்டிய அதே சிவப்பு சீட்டு, ஆனால் இங்கே கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. எழுபது வயதிருக்கும் ஒரு அம்மாள் காப்பியை ஊற்றிக்கொண்டே, முட்டை எப்படி வேண்டும் என்றாள். என்னை அறியாமல், "ஓவர் ஈஸி" என்றேன்.

வந்தது. பான்கேக்கை மென்றேன். முட்டையை உடைத்தேன். உருளைக்கிழங்கைக் கிள்ளி வாயில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தோணிரேவு என்று சொல்லியிருப்பேன். அதே ருசி. சொல்லப்போனால் உருளைக்கிழங்கு அவனுடையதுதான் ஒரு படி மேல். அடுப்பில் நின்ற வெள்ளைத்தலை ஆள் கல்லைப் பார்த்தபடியே வேலை செய்தார். தட்டுகள் எப்படித் திரும்பிப் போகின்றன என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அறைக்கு வந்ததும் மனைவிக்கு வீடியோவில் போன் போட்டேன். இங்கே எப்படி இருக்கிறது, சாப்பாடு எப்படி என்று கேட்டாள். "ஒன் தங்கச்சி வூட்டுக்காரன் செய்றதேதான். ஒரு நூல் வித்தியாசம் இல்ல," என்று சொல்லிவிட்டேன். ஆச்சரியத்தில் வாய் தவறி வந்த உண்மை அது.

அதற்குப் பிறகு பத்து நாள் அங்கேயே போய்ச் சாப்பிட்டேன். பசிக்காக இல்லை. அவனிடம் இல்லாத ஏதாவது ஒன்றை இதில் கண்டுபிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக. பதினோரு காலைகளிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

நான் திரும்பி வந்த மூன்றாம் நாள் அவனும் லீவில் வந்து இறங்கினான். ரிட்டர்ன் டிக்கெட் கையில் இருந்தது. அதைக் கேன்சல் செய்துவிடும் எண்ணத்தில்தான் வந்திருந்தான். அந்த ஞாயிறு தோணிரேவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அவன் மனைவி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். கடை விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டில் கையைத் துடைத்தபடி நின்றான்.

"துன்னு பாத்து சொல்லுண்ணே."

மாமனார் என்னைப் பார்த்தார். மாமியார் பார்த்தாள். நான் ஒரே மாப்பிள்ளையாக இருந்த ஐந்து வருடத்தில்கூட இவ்வளவு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. நான் மெதுவாக மென்றேன். இவன் கடை போட்டால் இங்கேயே இருப்பான். இரண்டு வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள் என்பது போய், எல்லா ஞாயிறும், எல்லாப் பொங்கலும், எல்லா நாளும் இருப்பான். அதுதான் எனக்குள் ஓடியது. வேறு ஒன்றும் ஓடவில்லை.

"நல்லாதான் கீது தம்பி," என்றேன். "ஆனா அது இல்ல. கிட்டத்தட்ட."

அந்த வார்த்தையைத் தேடி எடுத்துத்தான் சொன்னேன்.

அவன் முகத்தில் கோபம் வரவில்லை. பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "எங்கண்ணே விட்டுது? மாவா? வெண்ணெயா? உப்பா?"

"சொல்லத் தெரியல. அது வேற."

என்னவென்று சொல்லியிருந்தால் அவன் சரிசெய்திருப்பான். அதனால்தான் சொல்லவில்லை. என் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தமாதிரி இருந்தது.

அடுத்த இரண்டு வாரமும் அவன் மாவு கலக்கிக்கொண்டே இருந்தான். மோரைக் கூட்டினான், குறைத்தான். பொன்னேரிக்குப் போய் வேறு வெண்ணெய் வாங்கிவந்தான். ஒவ்வொரு தடவையும் டப்பாவில் போட்டு, அனுப்பம்பட்டுக்கே கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். நான் மூன்று தரம் இல்லை என்றேன். நாலாவது தரம் அவன் வரவில்லை. பஜாரில் பேசிவைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மாமனார்தான் சொன்னார். அந்த இடத்தில் மறுநாளே ஒரு மொபைல் கடைக்காரன் சாமான்களை இறக்கிவிட்டான்.

"அசல துன்னவரு நம்ம வூட்லயே கீறாரு. அவரே இல்லன்ட்டாரு. நான் எப்டி மாமா போர்டு மாட்டுவேன்? அது ஜனங்கள ஏமாத்தறது," என்று சொன்னானாம்.

அவன் கிளம்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"எங்கிட்ட போன்ல இன்னா சொன்ன நீ?"

நான் வாசல் பக்கம் போகத் திரும்பினேன்.

"நானே எந்தங்கச்சிகிட்ட சொல்லிருப்பேன். சொன்னா என் புருசன் பொய்க்காரன்னு என் வாயாலயே சொன்னதா ஆவும். அதான் வாய மூடிகினு இருந்தேன். நாளைக்கு அவன் ப்ளைட் ஏறதுக்குள்ள நீ சொல்லணும். சொல்லலன்னா இந்த வூட்ல எங்கிட்ட நீ பேசாத."

மறுநாள் எல்லோரும் ஒரே வேனில் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். பொன்னேரியில் டீக்கு நிறுத்தினார்கள். நான் அவனைக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன்.

"தம்பி, நான் பொய் சொன்னேன். அங்க துன்னதும் நீ செஞ்சதும் ஒண்ணுதான்."

"எத்தினி நாளு துன்ன?"

"பதினோரு நாளு."

"பதினோரு நாளும் ஒரே மாதிரியா இருந்துச்சு?"

"ஒரே மாதிரிதான். உருளக்கெழங்கு மட்டும் ஒன்னுதுதான் நல்லா இருந்துச்சு."

அவன் முகம் விரிந்தது. இன்றைக்கும் என்னை விடாமல் இருப்பது அதுதான். முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். "அப்ப அந்தப் பெரியவரு சும்மாதான் சொல்லிருக்காரு! கிட்டத்தட்ட இல்ல! அதேதான்!" என்றான்.

பிறகு மெதுவாக அவன் கண் வேன் பக்கம் போனது. ஜன்னலோரம் அவன் மனைவி குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றது. இப்போது கேட்பான், ஏன் செய்தாய் என்று கேட்பான், கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், நாலு அடி அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவன் கேட்கவில்லை. எனக்கு எதற்கு அவன்மீது எரிச்சல் என்று அவனுக்கு ரொம்ப நாளாகவே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு. திரும்பிடலாம்," என்றேன்.

"எடம் போய்டுச்சேண்ணே. இப்ப திரும்பினா ஏன்னு கேப்பா. இன்னா சொல்றது?" டீயை ஒரே மூச்சில் குடித்தான். "அவகிட்ட இத சொல்லாத. அண்ணிகிட்டயும் சொல்லி வை. தெரிஞ்சா அவ ஒன்ன மன்னிக்க மாட்டா. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் பேசிக்காமப் போய்டுவாங்க. அத்த தாங்க மாட்டாங்க."

என் கிளாஸையும் வாங்கிக்கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டு வந்தான். அவ்வளவு குற்ற உணர்ச்சியோடு நின்ற அந்த நிமிஷத்திலும், என்னால் ஒருநாளும் அப்படி நடந்துகொள்ள முடியாதே என்று அவன்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அவன் போனான். அடுத்த வருடம் அந்தக் கடையில் அவனைத் தலைமைச் சமையல்காரன் ஆக்கினார்கள். குடும்ப விசா கிடைத்தது. மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டான். தோணிரேவு வீட்டில் மறுபடி நான் ஒருவனே மாப்பிள்ளை.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே இருந்தபோது கொழுந்தியாள் வீடியோவில் வந்தாள். மாமியாரிடம் பேசினாள், குழந்தை பள்ளிக்கூட டிரஸ்ஸில் நிற்பதைக் காட்டினாள். பிறகு போனை என்னிடம் தரச் சொன்னாள்.

"மாமா, நேத்துகூட எதிர்வூட்டு அக்காகிட்ட சொல்லிகினு இருந்தேன். எங்க மாமா மட்டும் அன்னிக்கு உள்ளத உள்ளபடி சொல்லலன்னா, நாங்க பழவேற்காட்டுல ஒரு கடையப் போட்டுகினு ஒக்காந்திருப்போம். ஒங்களாலதான் மாமா நாங்க நல்லா கீறோம்."

என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். அவன் திரையில் இல்லை. அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தான் போலிருக்கிறது. அவள் பேசி முடித்ததும் அவன் குரல் மட்டும் வந்தது.

"அண்ணன் சாப்ட்டாரான்னு கேளு."